கோத்தகிரி ஏத்தத்துக்கு ஒரு இன்ஜின்

எங்கள் ஜிப்சி 1997 மாடல். கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஓடிக்கொண்டிருந்தது, கைமாறி எங்கள் வீட்டுக்கு வந்தது. மாருதி 1985-இல் ஜிப்சியை இறக்கியபோது அதில் இருந்தது 970 சி.சி. இன்ஜின். 1996-இல் பெயரோடு 'கிங்' என்று சேர்த்து 1298 சி.சி. இன்ஜின் வைத்தார்கள். சுசுகியின் ஜி13பிஏ. எட்டு வால்வு, கார்பரேட்டர், அலுமினிய பிளாக்குக்குள் இரும்பு லைனர். புத்தகத்தில் 60 குதிரைத்திறன். வண்டியின் எடை ஏறக்குறைய ஒரு டன்தான் என்பதால் சமவெளியில் அது தாராளம்.

எங்கள் வண்டிக்குச் சமவெளியில் வேலை குறைவு. நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். வண்டி பெரும்பாலும் கோத்தகிரியில் மாமனார் வீட்டில் நிற்கும். அவருடைய தேயிலைத் தோட்டம் ரோட்டுக்குக் கீழே சரிவில் இருக்கிறது. பறித்த பச்சை இலையை மூட்டை கட்டி, மண் பாதையில் மேலே தார் ரோடு வரைக்கும் கொண்டுவந்தால்தான் ஃபேக்டரி வண்டி எடுத்துக்கொள்ளும். பாதை நீளமில்லை. ஆனால் நடுவில் ஒரு திருப்பம் இருக்கிறது, வேகம் பிடித்து ஏற முடியாது. நின்ற இடத்திலிருந்து இழுத்தாக வேண்டும். அங்கே ஜிப்சி தள்ளாட ஆரம்பித்தது. ஃபோர் வீல் லோ போட்டு, முதல் கியரில், ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறது, புகை வருகிறது, வண்டி மட்டும் யோசிக்கிறது. "மாப்ளே, இதுக்குப் பவர் ஏத்த முடியாதா?" என்று மாமா கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது.

பவர் ஏற்றுவது என்று யாராவது சொன்னாலே நான் முதலில் கேட்பது, இருக்க வேண்டிய பவர் இருக்கிறதா என்பதைத்தான். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் இழுத்துக்கொள்ளும் காற்றும் அந்த அளவுக்குக் குறையும், பவரும் குறையும். ஆக, புத்தம் புது இன்ஜினாக இருந்தாலும் அந்தத் தோட்டத்தில் நிற்கும்போது 60 என்பது 50-தான். இதற்கு மேல் தேய்மானம் எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை எடுத்துக்கொண்டு போனேன். இன்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். பலர் ஆக்சிலரேட்டரை மிதிக்காமலேயே அளந்துவிட்டு, நம்பர் குறைவு என்று பயந்துபோவார்கள். இந்த இன்ஜினுக்கு 200 பி.எஸ்.ஐ. அளவுக்கு வர வேண்டும், 170-க்குக் கீழே போனால் வேலை பார்க்க வேண்டும் என்று கணக்கு. எங்களுடையதில் ஒன்றாவது சிலிண்டர் 135, இரண்டும் நான்கும் 150-ஐ ஒட்டி, மூன்றாவது 95. மூன்றாவதில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அடித்தேன், 140-க்கு ஏறியது. அப்படியென்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், சிலிண்டரின் உள்சுவரான போரும் தேய்ந்திருக்கிறது, ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கிறது. ஒன்றாவதில் ஆயில் விட்டும் முள் அசையவில்லை. அங்கே வால்வு உட்காரவில்லை. இன்ஜினை இறக்காமல் தீராது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இறக்குவது என்று முடிவானதும் ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிட்டார்கள். பழைய எஸ்டீம் இன்ஜினைத் தூக்கி வை, 85 குதிரை என்றார் ஒருவர். பலினோவின் 1.6 லிட்டர் இன்ஜின் இன்னும் நல்லது என்றார் இன்னொருவர். இரண்டுமே சுசுகியின் அதே ஜி குடும்பம் என்பதால் வைக்க முடியும், வைத்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை எஃப்.சி.க்குக் கொண்டுபோய் நிறுத்துகிறவனுக்கு இன்ஜின் நம்பர் பொருந்துவது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது தயக்கம்தான் முக்கியம். பிற்பாடு ஜிப்சியிலேயே வந்த, கார்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் 80 குதிரை எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அதிகபட்ச டார்க், அதாவது சுழற்றும் விசை, 103 நியூட்டன் மீட்டர், அது வருவது 4,500 ஆர்.பி.எம்.-இல். ஹைவேயில் ஓட்ட அருமையான இன்ஜின். இலை மூட்டையோடு திருப்பத்தில் நின்று கிளம்பும்போது நான் இருப்பது 1,500-இலிருந்து 2,500 வரைக்கும். அங்கே எனக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி, 6,000-இல் கிடைக்கும் குதிரைகள் எனக்கு எதற்கு?

கோவையில் வேக வண்டி கட்டுபவர்களுக்குப் பஞ்சமில்லை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர் இது. ராலி ஜிப்சிகளுக்கு இன்ஜின் போட்டுப் பழகிய ஒரு பட்டறை அண்ணனிடம் போனேன். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே அவர் கேட்டார்: "ஏனுங்க சார், இதுல ரேஸ் ஓட்டப் போறீங்களா, மூட்டை ஏத்தப் போறீங்களா?" மூட்டை என்றேன். "அப்பக் கேம்ஷாஃப்டைத் தொடாதீங்க. அதைத் தொட்டா ஏத்தத்துல அழுவீங்க." இதைக் கேட்டதும் இவரிடமே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

கேம்ஷாஃப்ட்தான் வால்வுகளைத் திறந்து மூட விடுவது. அதிலுள்ள கேமைத் தேய்த்து வடிவம் மாற்றினால் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும். வேகத்தில் காற்றுக்கு ஓடிவந்த வேகம் இருப்பதால் சிலிண்டர் நன்றாக நிரம்பும், பவர் கூடும். மெதுவாகச் சுற்றும்போது அதே கேம் எதிராக வேலை செய்யும். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்லெட் வால்வு மூடாமல் இருப்பதால், இழுத்த காற்றில் ஒரு பகுதி திரும்பி மேனிஃபோல்டுக்கே போய்விடும். ராலி வண்டிகள் ஐடிலிங்கில் குலுங்குவது இதனால்தான். கம்பெனி கேமே எனக்குப் போதும்.

இன்ஜின் பிரிந்து மேசைக்கு வந்ததும் என் தொழில் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. போர் கேஜ், மைக்ரோமீட்டர் என்று கம்பெனியில் தினமும் கையில் இருப்பவைதான். இந்த இன்ஜினின் ஸ்டாண்டர்டு போர் 74.00 மி.மீ. மூன்றாவது சிலிண்டரில், மேல் ரிங் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே 74.17 இருந்தது, அடியில் 74.03. தேய்மானம் மேலேதான் எப்போதும் அதிகம். ரிங் அங்கே நின்று திரும்புகிறது, ஆயில் படலம் மெல்லியது, சூடும் அழுத்தமும் உச்சத்தில் இருக்கின்றன. எஸ்டேட் தூசியை ஏர் ஃபில்டர் முழுசாகப் பிடிக்காத காலமும் இருந்திருக்கும். 74.15 தாண்டினால் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் செய்ய வேண்டும். ஓவர் சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 என்று இரண்டு அளவில் கிடைக்கிறது. 74.17 தேய்ந்த போரை 74.25-க்குள் வட்டமாக்கி, கடைசி மெருகான ஹோனிங்குக்கும் இடம் விடுவது இழுபறி. 0.50-க்கே போனோம்.

பிஸ்டன் செட் வாங்கியதில் ஒரு சங்கடம். பெட்டியைப் பிரித்துத் தராசில் வைத்தால் மிகக் கனமானதற்கும் மிக லேசானதற்கும் 9 கிராம் வித்தியாசம். கடைக்காரர், "எல்லாரும் இதைத்தான் சார் போடறாங்க" என்றார். போடுகிறார்கள், சரி. 5,000 ஆர்.பி.எம்.-இல் பிஸ்டன் மேல்முனையில் நின்று திரும்பும்போது அந்த 9 கிராம், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் மேல் ஏறக்குறைய 12 கிலோ எடைக்குச் சமமான இழுப்பைப் போடும். ஒவ்வொரு சுற்றுக்கும் போடும். அவர் முகம் கோணினாலும் மாற்றிக் கொடுத்தார். அடுத்த செட்டில் வித்தியாசம் 2 கிராம். கனமானவற்றின் உள்பக்கம், பின் உட்காரும் இடத்தை ஒட்டிய தடித்த பகுதியில் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் தேய்த்து நான்கையும் சமன் செய்தோம்.

பிஸ்டனை வைத்துக்கொண்டுதான் போர் அடிக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒவ்வொரு பிஸ்டனின் கீழ்ப்பகுதியான ஸ்கர்ட்டையும் அளந்து, அதற்கு அந்தந்த சிலிண்டர். இடைவெளி 0.02-இலிருந்து 0.04 மி.மீ. வரைக்கும் இருக்கலாம். போர் அடிப்பவர், மலை வண்டி சூடாகும், 0.06 விட்டுவிடலாம் என்றார். பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பழி தன் மேல் வரும் என்ற பயம் அவருக்கு. அது நியாயமான பயம்தான். 0.04-இல் இருவரும் கைகுலுக்கினோம்.

கிராங்கை ஒரு சைஸ் கிரைண்டிங் செய்து புது பேரிங் போட்டாயிற்று. அதன் பிறகு செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் பிரஷர் பிளேட் மூன்றையும் சேர்த்து டைனமிக் பேலன்சிங். கோவையில் மோட்டார் ரோட்டருக்கும் பம்ப் இம்பெல்லருக்கும் இதை அன்றாடம் செய்கிறார்கள், அதே மிஷினில் கிராங்கும் ஏறும். இதனால் பவர் கூடாது. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் உள்ளங்கை மரத்துப்போகாது.

இனி சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட். 74.5 போரும் 75.5 ஸ்ட்ரோக்கும் சேர்ந்தால் ஒரு சிலிண்டருக்கு 329 சி.சி., மொத்தம் 1316. சிலிண்டருக்குள் வந்த கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதுதான் கம்ப்ரஷன் விகிதம். ஸ்டாண்டர்டு 8.9. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், பிஸ்டன் மேலே இருக்கும்போது மிச்சமிருக்கும் இடம் சுமார் 41 சி.சி. போர் பெரிதானதாலேயே விகிதம் 9.0 ஆகிவிடுகிறது. நான் கேட்டது 9.5. அதற்கு மிச்ச இடம் 38.7 சி.சி.யாக வேண்டும். ஹெட்டைத் திருப்பிப் போட்டு, கிரீஸ் தடவிய அக்ரிலிக் தகட்டால் மூடி, தகட்டில் போட்ட துளை வழியாகச் சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டு அளந்தால் கலவை எரியும் அறையான சேம்பரின் கொள்ளளவு தெரிந்துவிடும். நான்கும் ஒன்றுக்கொன்று ஒரு சி.சி. வரைக்கும் வேறுபட்டன. சிறியவற்றில் வார்ப்பு மேடுகளைத் தேய்த்துச் சமன் செய்துவிட்டு, ஹெட்டின் அடிப்பரப்பை 0.8 மி.மீ. சீவி ஃபேசிங் செய்தோம்.

இங்கேதான் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. ஹெட் 0.8 மி.மீ. தாழ்ந்தால் கேம் புல்லி கிராங்குக்கு அந்த அளவு நெருங்கிவிடும். டைமிங் பெல்ட்டின் தளர்ச்சியை டென்ஷனர் எடுத்துக்கொள்ளும், ஆனால் கேம் ஓரிரு டிகிரி பின்தங்கிவிடும். கேம் பின்தங்கினால் இழுவை மேல் ஆர்.பி.எம்.முக்கு நகரும். நான் செலவு செய்து வாங்குவதற்கு நேர் எதிர். புல்லியை நிறுத்தும் பின்னைப் படி வைத்துக் கடைந்து, அந்த ஓரிரு டிகிரியைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். ஒரு லேத் பட்டறையில் டீ குடித்து முடிப்பதற்குள் ஆன வேலை. வால்வு பிஸ்டனைத் தொடுகிறதா என்று பார்க்க என் மகளின் களிமண் டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்து பிஸ்டன் தலையில் ஒட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, நசுங்கிய தடிமனை அளந்தோம். தாராளமாக இடம் இருந்தது.

ஹெட்டுக்குள் காற்று போகும் துளையான போர்ட்டைப் பெரிதாக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். செய்யவில்லை. துளை பெரிதானால் குறைந்த வேகத்தில் காற்றோட்டம் சோம்பிப்போகும், பெட்ரோல் துளிகள் சுவரில் படியும். மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் ஒரு பக்கம் ஒன்றரை மி.மீ. படி துருத்திக்கொண்டிருந்தது, அதை மட்டும் எடுத்தோம். வால்வு சீட்டை மூன்று கோணத்தில் வெட்டி, லேப்பிங் செய்து, பெட்ரோல் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்தாயிற்று. இந்த ஹெட்டில் மெனக்கெட்டதற்குப் பலன் தந்தது அந்த சீட் வேலைதான்.

சரி, இதனால் எவ்வளவு கூடியது? காகிதத்தில் சொல்கிறேன். 1298 என்பது 1316 ஆனதால் ஒன்றே கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. 8.9 என்பது 9.5 ஆனதால் கிடைப்பது சுமார் 2 சதவீதம். இரண்டும் சேர்ந்து 60 குதிரைக்கு இரண்டு குதிரை. அவ்வளவுதான். விளம்பரத்தில் போட முடியாத கணக்கு. ஆனால் 95-இலும் 135-இலும் கிடந்த சிலிண்டர்கள் 200-க்குத் திரும்பியது இந்த இரண்டு குதிரையைவிடப் பல மடங்கு. பழைய இன்ஜினுக்கு வேலை பார்த்து 'பவர் ஏற்றிவிட்டேன்' என்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் போன பவரைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள்தான். அதில் குறைவு ஒன்றுமில்லை.

கார்பரேட்டர் வேலை சுவாரசியமானது, ஏனென்றால் இப்போது பெட்ரோலே மாறிவிட்டது. பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே காற்றுக்கு எட்டு சதவீதம் வரை அதிக எரிபொருள் வேண்டும். புது வண்டியில் சென்சார் பார்த்துக்கொள்ளும். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டுக்குக் கண் கிடையாது. பழைய ஜெட்டோடு ஓட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து, அதாவது வறண்டு, எக்ஸாஸ்ட் வால்வு சூடாகும். இதற்கு நேர் எதிர் வேலையை மலை செய்கிறது. கோத்தகிரி உயரத்தில் காற்று லேசானதால் கார்பரேட்டர் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் கொடுத்துவிடும். ஆக, மாமனார் வீட்டு வாசலில் நிற்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பழைய ஜெட்டே சரியாக இருக்கிறது! மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால்தான் வறட்சி. அதனால் சமவெளிக்குத் தோதாக மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினோம். துளையின் விட்டத்தில் மூன்று நான்கு சதவீதம் கூட்டினாலே பரப்பில் எட்டு சதவீதத்தை நெருங்கிவிடும். மலையில் பெட்ரோல் கூடிக் கொஞ்சம் கனமாக ஓடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வறண்டு ஓடுவதைப் பொறுக்க முடியாது.

எத்தனாலுக்கு இன்னொரு முகமும் உண்டு. பழைய ரப்பர் ஹோஸ்களை அது ஊறவைத்து உரித்துவிடும். பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், ஹோஸ், கார்பரேட்டர் கிட் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றியாயிற்று. லாபம் என்று பார்த்தால் இ20-இன் ஆக்டேன் 95, பழைய பெட்ரோலில் 91. 9.5 கம்ப்ரஷனைத் தைரியமாகக் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனாலும் ஏப்ரல் வெயிலில் மேட்டுப்பாளையத்தில் லோடோடு மிதித்தபோது லேசாக 'கிணிகிணி' கேட்டது. தீப்பொறி விழும் நேரத்தை வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை இரண்டு டிகிரி பின்னே திருப்பியதும் நின்றது.

ரேடியேட்டரைத் திறந்து குழாய்களைச் சுத்தம் செய்தது, புது தெர்மோஸ்டாட், மவுண்டிங் ரப்பர் எல்லாம் வழக்கமான சில்லறை வேலைகள்.

ஏத்தத்துக்குப் பெரிய தீர்வு இன்ஜினுக்கு வெளியே இருந்தது. முன்னால் வைத்திருந்தவர் வண்டிக்கு 235/75 ஆர்15 டயர் போட்டிருந்தார். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். கம்பெனி அளவான 205/70 ஆர்15-இன் விட்டம் 668 மி.மீ., இதன் விட்டம் 733. பத்து சதவீதம் பெரிய சக்கரம் என்றால் ஒவ்வொரு கியரும் பத்து சதவீதம் நீளமாகிவிடுகிறது, இழுவை அந்த அளவுக்குக் குறைகிறது. நாங்கள் தேடிய இரண்டு குதிரையைப் போல மூன்று மடங்கை டயர் தின்றுகொண்டிருந்தது. டயரைச் சின்னதாக்கினால் தோட்டத்துக் கல்லில் அடி தட்டும் என்று மாமா சம்மதிக்கவில்லை. பட்டறை அண்ணன் இதற்கு ஒரு பழைய வழி வைத்திருந்தார். கியர்பாக்ஸிலிருந்து வரும் பவரை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிப்பது டிரான்ஸ்ஃபர் கேஸ். 970 சி.சி. ஜிப்சியினுடையது இந்த வண்டியிலும் உட்காரும். சின்ன இன்ஜினுக்குத் தோதாக அதில் கியர் தாழ்வு, அதாவது வேகம் குறைந்து இழுவை கூடும். ஹையில் 1.409-க்குப் பதில் 1.580, லோவில் 2.268-க்குப் பதில் 2.511. சுமார் 12 சதவீதமும் 11 சதவீதமும். டயர் எடுத்துக்கொண்டதை அப்படியே வட்டியோடு திருப்பித் தந்துவிட்டது. எல்லாம் கழற்றிக் கிடந்த நேரம் என்பதால், ஒரு பழைய கேஸை உடைப்புக் கடையில் பிடித்து, பேரிங், சீல் மாற்றிப் பொருத்தினோம். ஒட்டுமொத்தச் செலவில் இதுதான் மலிவு, கால் உணர்கிற வித்தியாசத்தில் இதுதான் பெரிது.

இன்ஜின் ஸ்டார்ட் ஆன அன்றைக்கு ஆட்டமெல்லாம் ஒன்றுமில்லை. ஆயில் பிரஷர் வரும் வரை பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து, பிறகு பிளக் போட்டு, முதல் முறையிலேயே பிடித்தது. சாதாரண மினரல் 20டபிள்யூ40 ஆயில். புது ரிங் போட்ட வண்டியை ஆயிரம் கிலோமீட்டர் உருட்டிக்கொண்டே போ என்பார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம்தான், அதற்கு லோடு வேண்டும். ஆர்.பி.எம்.மை 3,500-க்கு மேல் விடாமல், மிதித்து விட்டு, மிதித்து விட்டு ஓட்டினேன். மேட்டுப்பாளையம்–கோத்தகிரி ரோடு இதற்கென்றே போட்டது மாதிரி. ஏறும்போது லோடு. இறங்கும்போது கியரிலேயே விட்டால் வெற்றிடம் ஆயிலை மேலே இழுத்து ரிங்கைக் கழுவும். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது அளந்தேன். நான்கு சிலிண்டரும் 200-க்கு மேல், ஒன்றுக்கொன்று வித்தியாசம் ஐந்து பி.எஸ்.ஐ.க்குள்.

அந்த ரோட்டில் முன்பு இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு போன நேர்ப் பகுதிகளில் இப்போது மூன்றாவது நிற்கிறது. தோட்டத்துத் திருப்பத்தில் லோ இரண்டாவது கியரிலேயே நின்று கிளம்புகிறது, கிளட்ச்சைத் தேய்க்க வேண்டியதில்லை. ஹைவேயில் எண்பதுக்கு மேல் போனால் இன்ஜின் கத்தும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கொடுக்க வேண்டிய விலை அது. இந்த வண்டியில் எண்பதுக்கு மேல் போக வேண்டிய அவசரம் எனக்கு இதுவரை வரவில்லை. மைலேஜ் லிட்டருக்குப் பத்தைத் தொட்டு நிற்கிறது. முன்பு ஏழெட்டு, ஆயில் செலவு தனி.

மாமா முதல் நாளே வழக்கத்தைவிட இரண்டு மூட்டை கூட ஏற்றிவிட்டு, "பரவாயில்ல மாப்ளே, இழுக்குது" என்றார். பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பட்டையில் ஒரு தகடு ஏற்கெனவே விரிசல் விட்டிருந்ததை அப்போதுதான் குனிந்து பார்த்தேன். கிராங்கின் பின் சீலிலும் லேசான ஆயில் ஈரம் தெரிகிறது. சீலை அடுத்த முறை கியர்பாக்ஸ் இறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். பட்டைக்கு மேட்டுப்பாளையத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.